ஆசை நூறு, அடக்கம் பூஜ்யம்

எங்கள் மாலைநேர ஆங்கிலப் பயிலகத்தில் ஓர் ஆண்டுக்கு ஒரு வினைச்சொல்தான் கற்றுத்தருவார்கள். சேருவதற்கு முன் நானும் "ஒரே ஒரு சொல்லா சார்?" என்று கேட்டேன். "உங்களுக்கு எத்தனை தலை?" என்று முதல்வர் திருப்பிக் கேட்டார். அந்தப் பதிலில் ஏதோ ஆழம் இருக்கிறது என்று நினைத்தேன். இருந்திருக்கலாம்.

எங்கள் வகுப்புக்கு வாய்த்த வினைச்சொல் 'ரிஃப்ரெய்ன்'. ஒரு காரியத்தைச் செய்யவேண்டும் என்று மனசு பரபரக்கும்போது, அதைச் செய்யாமல் தன்னைத்தானே தடுத்துக்கொள்வது என்று பொருள். இதை நான் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். பயிலகம் ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டது. ஆகவே நான் எதையோ விட்டிருக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது.

பயிலகத்துக்கு எதிரே இருக்கும் பேருந்து நிலையத்தில், பார்சல் கொட்டகையில் எனக்கு வேலை. மூட்டை தூக்குவது, எடை பார்ப்பது, எந்த மூட்டை எந்த வண்டியில் ஏறவேண்டும் என்று கத்துவது. போன மழைக்காலத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இனிமேல் கனம் தூக்கினால் நிமிரவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலைய மேலாளர் நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைக்கவில்லை.

"தூக்க முடியாத ஆளைக் கொட்டகையில வச்சிருக்க முடியாதும்மா. அறிவிப்பறையில ஒரு நாற்காலி காலியாகப் போகுது. அதுக்கு வா. இல்லன்னா வருஷக் கடைசியில உன்னை அனுப்பத்தான் வேணும்" என்றார்.

"வர்றேன் சார்."

"வந்துட முடியாது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பரீட்சை இருக்கு. எதிர்ல போய்ச் சேரு."

அறிவிப்பறையில் இருக்கும் ஆங்கிலத் தாளில் எல்லா அறிவிப்பும் அந்த ஒரு வினைச்சொல்லில்தான் ஓடுகிறது. இருக்கையில் படுப்பதைத் தவிர்க்கவும், பேருந்தின் பின்னால் நிற்பதைத் தவிர்க்கவும், சுவரில் துப்புவதைத் தவிர்க்கவும். அதனால் அறிவிப்பாளருக்கு வேறு ஆங்கிலம் தேவையில்லை, அது மட்டும் பழுதில்லாமல் தெரிந்தால் போதும் என்று நிலையமும் பயிலகமும் எப்போதோ கூடிப் பேசி முடிவு செய்திருந்தன. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யாரும் இப்போது பேருந்தில் போவதில்லை.

முதல் நாள் முதல்வர் வந்தார். பயிலகத்தில் அவர்தான் ஆசிரியரும். கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதினார். உடனே ஒரு வெள்ளைத் துணியால் அதை மூடினார்.

"தன்னைத் தடுத்துக்கொள்ளும் சொல் இது. இதை முதல் நாளே வாயில் போட்டு மெல்லுவது நாகரிகமா? முதலில் இந்தச் சொல்லைச் சொல்லாமல் இருக்கப் பழகுங்கள். தகுதி வரும்போது நானே துணியை விலக்குவேன்."

ஆகவே முதல் பருவம் முழுவதும் நாங்கள் அந்தச் சொல்லை 'அது' என்றே அழைத்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்து வரும் முடிதிருத்துபவர். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன்.

"தங்கச்சி, அதுன்னா எது?" என்று காதோரம் கேட்டார்.

"அதுதாண்ணே. துணிக்குப் பின்னால இருக்கே."

"எங்க கடையில அதுன்னா பொடுகு மருந்து. குழப்பமா இருக்கு."

துணி விலகிய பிறகு பாடம் வேகமாக நடந்தது. தொடங்கிய வேலையை நிறுத்துவதற்கு வேறு சொல் இருக்கிறது, தொடங்காமலே விடுவதுதான் இது என்று முதல்வர் விளக்கினார். இது எனக்குப் புரிந்தது. அண்ணனுக்குப் புரியவில்லை.

"சார், கத்தரிக்கோலை எடுத்து வெட்ட ஆரம்பிச்சிட்டுப் பாதியில விட்டா அது நிறுத்தறது."

"ஆமாம்."

"வெட்டாமலே விட்டா இது."

"மிகச் சரி."

"வெட்டாமலே விட்டா கஸ்டமர் எதுக்கு சார் வர்றார்?"

முதல்வர் அந்தக் கேள்வியை மேல்வகுப்புக்கு உரியது என்று ஒத்திவைத்தார்.

மாடியில் 'ரிஸ்ட்ரெய்ன்' வகுப்பு நடந்தது. எங்கள் சொல் தன்னைத் தடுத்துக்கொள்வது, அவர்கள் சொல் அடுத்தவரைப் பிடித்து நிறுத்துவது. அங்கே எப்போதும் நாற்காலி விழும் சத்தமும் "விடுய்யா, சட்டை கிழியுது" என்ற குரலும் கேட்கும். இரண்டு வகுப்பும் ஒன்றோடொன்று பேசக்கூடாது என்று விதி. படியில் எதிர்ப்பட்டால் நாங்கள் சுவர்ப்பக்கம் ஒதுங்குவோம். அவர்கள் பிடித்துவிடுவார்களோ என்று எங்களுக்குப் பயம், நாங்கள் எதையும் செய்யமாட்டோம் என்று அவர்களுக்கு ஏளனம்.

எங்கள் சொல்லுக்குப் பின்னால் 'ஃப்ரம்' என்ற சின்னச் சொல் கட்டாயம் வரவேண்டும். மெய்க்காவலர் இல்லாமல் ஒரு பெரிய மனிதர் வெளியே போவாரா என்று கேட்டார் முதல்வர். இதைப் பதியவைக்க ஒரு பயிற்சி. வகுப்பில் யார் எழுந்து அந்தச் சொல்லைச் சொன்னாலும் பின்னால் இன்னொருவர் நின்று 'ஃப்ரம்' சொல்லவேண்டும். ஆளுக்கு ஒரு காவலர். நான் அண்ணனுக்குக் காவல். ஒரு நாள் அவர் சொல்லைச் சொன்ன கையோடு வகுப்பை விட்டு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"தண்ணி குடிக்கப் போறேன். நீ எதுக்கு வர்ற?"

"நான் இன்னும் ஃப்ரம் சொல்லலையே அண்ணே."

"சொல்லிட்டுத் திரும்பிப் போ தாயி."

சொன்னேன். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்பினேன். விதியில் எந்த இடத்தில் காவல் முடிகிறது என்று எழுதப்படவில்லை.

சிக்கல் வந்தது கடைசிப் பருவத்தில். தேர்வு செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவரும் தேர்வுக்குழுவின் முன்னால் எதையாவது செய்யாமல் இருந்து காட்டவேண்டும்.

"இதில் ஏமாற்று வேலை எளிது" என்றார் முதல்வர். "ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் தன்னைத் தடுத்துக்கொள்கிறாரா, அல்லது வெறும் சோம்பேறியா? எப்படித் தெரியும்? ஆசை இருந்தால்தான் அடக்கம். ஆகவே முதலில் உங்கள் ஆசையைப் பதிவு செய்யுங்கள். ஆசை இல்லாதவர்களுக்குத் தேர்வு இல்லை."

அன்றுமுதல் வகுப்பு தலைகீழாக மாறியது. கெட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு முன்வரிசை கிடைத்தது. ஓயாமல் புகைபிடிக்கும் ஒரு மரக்கடைக்காரரை முதல்வர் தோளில் கைபோட்டு அழைத்துப்போனார். எடுத்ததற்கெல்லாம் சண்டைக்குப் போகும் ஒரு லாரி ஓட்டுநருக்கு 'நம்பிக்கை நட்சத்திரம்' என்று பெயர் வந்தது. அண்ணனுக்கும் கவலை இல்லை. பெரிய மீசையோடு யார் வந்து உட்கார்ந்தாலும் பாதியை மட்டும் வழித்துவிடவேண்டும் என்று தொழிலில் இறங்கிய நாளிலிருந்து அவருக்குக் கை அரிக்குமாம்.

எனக்கு ஒன்றும் இல்லை. ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்கிறேன், அதில் எதைச் செய்யத் துடிக்கிறேன் என்று வரிசையாகப் பார்த்தேன். துடிப்பு எங்கேயும் இல்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். நான் இருப்பது அக்கா வீட்டில்.

"அக்கா, எனக்கு என்ன கெட்ட ஆசை இருக்கு?"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உனக்கா? நீ பொறந்தப்பவே அழலாமா வேண்டாமான்னு யோசிச்சவ. உனக்கு ஏதுடி ஆசை?"

"இல்லன்னா பரீட்சை இல்லையாம். பரீட்சை இல்லன்னா நாற்காலி இல்ல. மறுபடி மூட்டைதான், அதுவும் வருஷக் கடைசி வரைக்கும்."

அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "புகை பிடிச்சுப் பழகேன். பழகினா ஆசை வரும். ஆசை வந்தா அடக்கலாம். அடக்கினா பாஸ்."

"வாயிலேயே போடுவேன், ரெண்டு பேருக்கும்" என்றாள் அக்கா.

அத்தான் சொன்னதில் முறை சரியாகத்தான் இருந்தது. புகைக்குப் பதில் பிஸ்கட்டை வைத்து முயன்றேன். ஒரு கிரீம் பிஸ்கட்டைத் தட்டில் வைத்து, தினமும் வேலை முடிந்து வந்ததும் எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். ஆசை வரவில்லை. பிஸ்கட் நமுத்துப்போனது. என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஒரு பிஸ்கட்டுக்குக்கூட மனமிரங்காத ஜென்மம்.

பதிவுக்குக் கடைசி நாள் முதல்வரின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"எதுக்காக இந்தப் படிப்புக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"அறிவிப்பாளர் வேலைக்கு சார்."

"அறிவிப்பாளர் என்ன செய்வார்?"

"பேசுவார் சார்."

"அப்ப உங்களுக்குப் பேசணும்னு ஆசை."

"இல்ல சார், எனக்கு உக்காரணும்னு ஆசை. இடுப்பு…"

"ஆசை: பேச்சு" என்று எழுதிவிட்டார். "நல்ல கனமான ஆசை. தேர்வு அன்னிக்கு நீங்க பேசாம இருக்கணும். ஒரு வார்த்தை வெளிய வந்தாலும் முடிஞ்சது."

"எவ்வளவு நேரம் சார்?"

"என் ஆண்டு உரை முடியிற வரைக்கும்."

பக்கத்தில் நின்ற அலுவலக உதவியாளர் என்னைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடித் திறந்தார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அப்படிச் செய்வார்கள்.

அக்காவிடம் சொன்னபோது மடித்த துணியை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "பேசற வேலை வேணும்னா பேசாம இருந்து காட்டணுமா? பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கற கதைடி இது. போகட்டும், உனக்கு இது சுலபம்தானே? நீ எங்க பேசற?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் பயமாக இருந்தது. சுலபமாகத் தோன்றுவதெல்லாம் கடைசியில் என் காலை வாரியிருக்கிறது.

தேர்வு ஒரு சாயங்காலம் நடந்தது. மேடைக்கு எதிரே பெரிய ஜன்னல், அதன் வழியே பேருந்து நிலையம் முழுவதும் தெரியும். மாணவர்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் முதல்வர். வெளித்தேர்வாளராக எங்கள் நிலைய மேலாளர், அவர் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கொட்டாவியை மென்றுகொண்டிருந்தார்.

மரக்கடைக்காரரின் வாயில் ஒரு சிகரெட்டைச் செருகித் தீக்குச்சியை அருகே கொண்டுபோனார்கள். கண்ணில் நீர் வடிய அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாஸ். லாரி ஓட்டுநரைத் திட்டுவதற்குப் பயிலகத்தில் ஒருவரைச் சம்பளத்துக்கே வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் நிதானமாக, நல்ல உச்சரிப்போடு, ஓட்டுநரின் வம்சத்தை வேரிலிருந்து தொடங்கினார். ஓட்டுநர் நாற்காலியின் கையைப் பிடித்தார். கை கழன்று வந்தது. பாஸ். அண்ணனுக்கு ஒரு பெருமீசைக்காரர் எதிரே உட்காரவைக்கப்பட்டார். சவரக்கத்தி மீசையோரம் போய் நடுங்கி நின்றது. மீசைக்காரர் மூச்சே விடவில்லை. அண்ணன் கத்தியை மடக்கிப் பெட்டியில் போட்டார். கைதட்டல்.

"தடுத்துக்கிட்டது அவரில்ல, நான்தான்" என்று மீசைக்காரர் இறங்கிப் போனார்.

கடைசியாக நான். மேடையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். முதல்வர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே, நீண்ட உரை ஆற்றுவதை நான் தவிர்த்துக்கொள்கிறேன். உரை நீள்வது ஏன் தவறு என்பதற்கு மட்டும் சில காரணங்களை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்."

சொன்னார். வெயில் ஜன்னலின் மேல்சட்டத்திலிருந்து கீழ்ச்சட்டத்துக்கு இறங்கியது.

"என் வாழ்க்கையே அடக்கத்தின் பாடம். மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல் கற்றுத்தரலாமே என்று எத்தனையோ முறை ஆசை வந்திருக்கிறது. அடக்கினேன். இன்னோர் ஆசிரியரை நியமிக்கலாமே என்று ஆசை வந்தது. அடக்கினேன். கழிவறைக்குக் கதவு போடவேண்டும் என்று ஒரு மாதம் தூக்கமே இல்லை. அதையும் வென்றேன். ஓய்வுபெறும் ஆசையையும் ஆண்டுதோறும் தவிர்த்துவருகிறேன். என்னைப் பாராட்டிக்கொள்ளும் ஆசை மட்டும் எனக்கு வந்ததே இல்லை. ஆகவே அதை நான் தவிர்க்கவேண்டிய அவசியமும் இல்லை."

நான் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஆற்றுக்கு அக்கரை போகும் கடைசி வண்டி அதன் வழக்கமான இடத்தில் இல்லை. அந்த இடத்தில் டயர் கழற்றிய ஒரு வண்டி கிடந்தது. கடைசி வண்டி டீசல் பம்புக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத மூலையில் நின்றது. பாலத்தில் விளக்கு கிடையாது, அதனால் இருட்டுமுன் எடுத்துவிடுவார்கள். விட்டால் மறுநாள் காலைதான். ஓட்டுநர் டீ கிளாஸைக் கவிழ்த்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

வகுப்பில் பாதிப்பேர் அக்கரைக்காரர்கள். அண்ணனும்தான். அவர் மனைவி கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறாள். இவர் போய்த்தான் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொடுக்கவேண்டும்.

பேசினால் நாற்காலி போய்விடும். வருஷக் கடைசியில் வேலையே போய்விடும். பேசாமல் எப்படிச் சொல்வது என்று முறையாக யோசித்தேன். அண்ணனைப் பார்த்துக் கண்ணை ஜன்னல் பக்கம் உருட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்தி, தைரியமாக இரு என்று காட்டினார். புருவத்தை ஏற்றி இறக்கினேன். அவரும் ஏற்றி இறக்கினார். கையைச் சக்கரம்போல் சுற்றினேன். உரையை வேகப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் பயந்துபோய் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நடத்துனர் விசில் ஊதினார்.

"மௌனம் என்பது…" என்று முதல்வர் ஆரம்பித்தார்.

நான் எழுந்தது எழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆத்துக்கு அக்கரை போற கடைசி வண்டி கிளம்புது! எப்பவும் நிக்கிற இடத்துல இல்ல, டீசல் பம்புக்குப் பின்னால நிக்குது! முன்வாசல் வேண்டாம், பின்படியில இறங்கி இடது பக்கமா ஓடுங்க! அண்ணே, கத்திப்பெட்டி! கத்திப்பெட்டிய எடுத்துக்குங்க!"

கொட்டகையில் மூட்டைகளுக்கு மேலே கத்திப் பழகிய குரல். கூடம் கலைந்தது. நாற்காலிகள் சரிந்தன. லாரி ஓட்டுநர், மரக்கடைக்காரர், மீசைக்காரர், திட்டும் பணியாளர், துக்கம் விசாரித்த உதவியாளர் எல்லோரும், அக்கரையில் வீடு இல்லாதவர்களும்கூட, பின்படியில் இறங்கினார்கள். மாடி வகுப்பிலிருந்தும் ஒருவரையொருவர் பிடித்தபடியே இறங்கி ஓடினார்கள். அண்ணன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதை ஜன்னல் வழியே பார்த்தேன். வண்டி ஒரு நொடி தயங்கி நின்றது. பெட்டி ஏறியது, பிறகு அண்ணன் ஏறினார்.

கூடத்தில் முதல்வரும் மேலாளரும் நானும் மட்டும் மிஞ்சினோம். முதல்வர் மௌனத்தைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லி முடித்த பிறகே நின்றார். போச்சு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்காரலாமா என்றும் தெரியவில்லை.

முதல்வர் பேனாவைத் திறந்தார். "ஆசை: நூற்றுக்கு நூறு. அடக்கம்: பூஜ்யம்." என்னைப் பார்த்தார். "பூஜ்யம் வாங்கினவங்களை நான் பார்த்திருக்கேன். அவங்ககூடக் கொஞ்சம் தயங்கிட்டுத்தான் வாங்கினாங்க."

மேலாளர் ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் ஏறிட்டாங்க போலிருக்கே" என்றார்.

"அது தேர்வுக்கு அப்பாற்பட்டது" என்றார் முதல்வர்.

"சார், போன வருஷம் உங்ககிட்டத் தங்கப்பதக்கம் வாங்கினாரே ஒருத்தர், அவரைத்தான் அறிவிப்பறையில போட்டேன்."

"எங்கள் தலைசிறந்த மாணவர்."

"மைக்குக்கு முன்னால கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தார் சார். வண்டி வரும், போகும். ஜனம் அங்கயும் இங்கயும் ஓடும். ஏன்யா பேசலன்னு கேட்டா, பேசணும்னு உயிரே போகுது சார், ஆனா தடுத்துக்கறேன்ங்கறார்."

முதல்வரின் கண்கள் கலங்கின. "அப்படியா சொன்னார்?"

"கொட்டகையில நாங்க ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சோம் சார்" என்றேன். பூஜ்யம் வாங்கியாகிவிட்டது, இனி யாருக்காக வாயை மூடவேண்டும்?

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை அறிவிப்பறைக்கு வந்துரும்மா."

"ஃபெயிலான ஆளையா?" என்று முதல்வர் பாய்ந்தார். "விதி என்ன ஆவது?"

"விதியைப் படிச்சுப் பாத்துட்டேன் சார். 'தேர்வுக்கு அமர்ந்திருக்க வேண்டும்'னுதான் இருக்கு. தேறணும்னு எவனும் எழுதல. இந்தப் பொண்ணு நல்லாத்தான் அமர்ந்திருந்துச்சு. கடைசியிலதானே எழுந்துச்சு?"

அறிவிப்பறை நாற்காலிக்கு முதுகு சாய ஒரு பலகை இருக்கிறது. முதல் வாரம் அதில் சாயலாமா, அது பதவியில் மூத்தவர்களுக்கு உரியதா என்று தயங்கி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். பிறகு சாய்ந்தேன். ஆங்கிலத் தாளைத் தினமும் காலையில் ஒரு பிசகு இல்லாமல் படித்துவிடுகிறேன். இருக்கையில் படுத்திருப்பவர்கள் அதைக் கேட்டு மறுபக்கம் புரண்டு படுக்கிறார்கள். அதன்பின் "நீலச் சட்டை அண்ணே, காலை மடக்குங்க, பிள்ளைத்தாச்சி நிக்குது" என்றால் கால் மடங்குகிறது.

ஒரு மாதம் கழித்து முதல்வர் ஃபோன் செய்தார்.

"ஒரு நல்ல செய்தி. புதுசா ஒரு பிரிவு தொடங்கறோம். 'அடக்க இயலாமை'. வேலைவாய்ப்பு உறுதின்னு விளம்பரம் குடுத்திருக்கோம். கூட்டம் தாங்கல. வாசல்ல உங்க படத்தை மாட்டியிருக்கோம், 'எமது பெருமைமிகு பூஜ்யம்'னு போட்டு."

"சரி சார்."

"உங்களை உருவாக்கினது நாங்கதானே? தொடக்க விழாவுக்கு நீங்கதான் சிறப்பு விருந்தினர். மௌனத்தின் மேன்மை பற்றி ஒரு ரெண்டு மணி நேரம் பேசணும். எனக்கு அதுக்கு மேல நாலு மணி நேரம் வச்சிருக்கோம்."

என் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. நீளமானது. பயிலகம் சம்பளத்துக்கு வைத்திருக்கும் அந்தத் திட்டும் பணியாளர் கேட்டிருந்தால் எழுதி வைத்துக்கொண்டிருப்பார். அதைச் சொல்லவேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு பரபரப்பு. இத்தனை நாளில் எந்தப் பொருளின்மேலும் வராத துடிப்பு.

"பாக்கலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. மதிப்பெண் போட ஆள் இல்லாத இடத்தில் அது தேர்ச்சிதானா என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவும் நேரமில்லை. துறைமுகம் போகும் வண்டி வேறு இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தது. மைக்கைப் போட்டேன்.